பல் ஸ்டாண்டு, பின் ஸ்டாண்டு, சிலிப்பர் கட்டை: மாருதி 800-க்கு அடியில் படுத்துப் பார்த்த பிறகு

என்னிடம் இருப்பது 1997-ஆம் ஆண்டு மாருதி 800. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் வெள்ளை என்று இருக்கிறது. இப்போது பார்ப்பவர்கள் வேறு ஏதாவது சொல்லக்கூடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் ஃபிட்டராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ மாற்றுவது, சைலன்சர் தொங்கினால் தூக்கிக் கட்டுவது என்று பாதி வேலையைக் கொரட்டூரில் என் வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்வேன். பட்டறைக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் வண்டிக்கு அடியில் படுத்து நட்டு திருகுவதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது.

அந்தச் சுகத்துக்குத் தேவையான ஜாக்கி ஸ்டாண்டைப் பற்றித்தான், அதாவது ஜாக்கியில் தூக்கிய வண்டியை விழாமல் தாங்கும் இரும்புக் காலைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன எட்டு மாதத்தில் பல் வைத்த ஸ்டாண்டு இரண்டு ஜோடி, ஆணி மாதிரியான இரும்பு பின் குறுக்கே போடும் ஸ்டாண்டு ஒரு ஜோடி, தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ரயில் சிலிப்பர் கட்டை இரண்டு வாங்கினேன். பக்கத்துத் தெரு நண்பரிடம் சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சாய்வு ரேம்ப் ஒரு ஜோடி இரவல் வாங்கினேன். ஒரு பழைய காருக்கு இவ்வளவு அமளியா என்று என் மனைவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 2009-இல் நடந்ததை அவளிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை.

அன்று சைலன்சரின் பின் பிராக்கெட் கழன்றிருந்தது. வண்டியோடு வந்த ஜாக்கியை வைத்துப் பின்பக்க இடது மூலையைத் தூக்கினேன். உயரம் போதவில்லை என்று ஜாக்கிக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்தேன். எனக்கு உலோகம் தெரியும், செங்கல் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டெப்னியை மட்டும் வண்டியின் வாசற்படிக்கு, அதாவது கதவுக்குக் கீழே உள்ள விளிம்புக்கு, அடியில் படுக்க வைத்துத் தள்ளினேன். இடது கையை உள்ளே விட்டு பிராக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது செங்கல் இரண்டாகப் பிளந்தது. முன்னறிவிப்பாக ஒரு சத்தம்கூட இல்லை. பிளந்ததும் வண்டி இறங்கியதும் ஒரே கணம். ஸ்டெப்னியின் மேல் வண்டி ‘டொம்’ என்று உட்கார்ந்தது. முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று.

பிறகு ஒரு நாள் சும்மா அளந்து பார்த்தேன். மாருதி 800-இன் டயர் அளவு 145/70 ஆர்12. படுக்க வைத்தால் தரையிலிருந்து ஏறக்குறைய 15 செ.மீ. உயரம். நான் மல்லாந்து படுத்தால் என் மார்பின் கனம் 24 செ.மீ. அன்று உள்ளே இருந்தது கை என்பதால் ஸ்டெப்னி என்னைக் காப்பாற்றியது. மார்பு உள்ளே இருந்திருந்தால் அந்த ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை. இந்த 24 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

அதற்குப் பிறகு பல வருடம் எஸ்டேட்டில் தெரிந்த ஒரு பட்டறையின் பள்ளத்தில் வண்டியை நிறுத்தி வேலை பார்த்தேன். போன வருடம் அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். வாசலுக்குத் திரும்பி வர வேண்டியதாயிற்று. கூடவே, கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என் மகளும் ஆயில் மாற்றக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். நான் மட்டும் படுப்பது வேறு, அவளைப் படுக்க வைப்பது வேறு. அப்போதுதான் ஸ்டாண்டு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் ஜோடியை இணையத்தில் வாங்கினேன், 1,890 ரூபாய். எந்தக் கடை, எந்தப் பெயர் என்று சொல்லப்போவதில்லை. இந்தச் சரக்கில் ஸ்டிக்கர்தான் மாறுகிறது, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே வார்ப்பு. சிவப்பு பெயின்ட், நான்கு கால், நடுவில் பல் வெட்டிய தண்டு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் தூக்கினால் நாக்கு விலகும், தண்டு இறங்கும். விட்டால் நாக்கு பல்லுக்குள் விழுந்து பிடித்துக்கொள்ளும். மேலே பாரம் இருக்கும்வரை கைப்பிடியைத் தூக்க முடியாது, ஏனென்றால் பாரமே நாக்கை இறுக்கிப் பிடிக்கிறது. நல்ல யோசனைதான். செய்த விதத்தில்தான் கோளாறு.

பெட்டியின் மேல் ‘3 டன்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மகள் கேட்டாள்: “அப்பா, நம் வண்டி முக்கால் டன்கூட இல்லையே, எதற்கு மூன்று டன்?”

கணக்குப்படி அவள் சொன்னது சரி. மாருதி 800-இன் எடை 650 கிலோவைச் சுற்றி. எஞ்சின் முன்னால் இருப்பதால் அதில் ஐந்தில் மூன்று பங்கு முன் சக்கரங்களின் மேல் இருக்கும். முன்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டில் ஏற்றினால் ஒவ்வொன்றின் தலையிலும் 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவுதான். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. நான்கு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூட்டையைத் தாங்க 3 டன் ஸ்டாண்டு எதற்கு? எனக்கு வேண்டியது அந்த எண் இல்லை, அந்த எண்ணோடு வரும் அகலமான அடிப்பாகம். நான் கையில் பிடித்துப் பார்த்த 2 டன் ஸ்டாண்டுகள் எல்லாம் இடுப்பு சிறுத்தவை. உயரம் ஏறக்குறைய அதே, கால் மட்டும் குறுகல். பக்கவாட்டில் ஒரு இடி பட்டால் எது முதலில் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று: அந்த 3 டன் என்பது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று ஸ்டிக்கரின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். என்னுடையதில் ‘ஜோடிக்கு’ என்று இருந்தது. அதைப் படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

எங்கள் வீட்டில் சமையலறை கிரானைட் மேடைதான் எனக்கு சர்ஃபேஸ் பிளேட், அதாவது மட்டம் பார்க்கும் சமதளத் தட்டு. மனைவி காய்கறி நறுக்கி முடித்த பிறகு ஒரு ஸ்டாண்டை அதன் மேல் வைத்தேன். ஆடவில்லை. அடுத்ததை வைத்தேன். ‘டக் டக்’ என்றது. மூன்று கால் ஊன்றி நான்காவது கால் தூக்கிக்கொண்டு நின்றது. இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கி நுழைத்தேன்: 2.4 மி.மீ. இடைவெளி. கால்களை ஜிக் என்னும் பிடிப்புச் சட்டத்தில் வைத்துப் பிடிக்காமல் கண்ணளவில் வைத்துப் பற்ற வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறினால் கால் வளைந்து தரையில் உட்கார்ந்துவிடும் என்று சிலர் சொல்லுவார்கள். உட்காரலாம். உட்காரும்போது தலை எந்தப் பக்கம் சாயும்?

தரையை விடப் பல்தான் எனக்குப் பெரிய கவலை. தொழிற்சாலையில் இரண்டு பரப்பு எங்கெங்கே தொடுகிறது என்று பார்க்க மார்க்கிங் புளூ தடவுவோம். வீட்டில் அது இல்லை. மகளின் கண்மை டப்பாவை வாங்கி, தண்டின் பற்களில் மெல்லிசாகத் தடவினேன். இரண்டு ஸ்டாண்டிலும் இரண்டாம் பல்லில் நாக்கை விழவிட்டு, வண்டியின் முன்பக்கத்தை மெதுவாக இறக்கினேன். யாரும் அடியில் இல்லை. மகளைப் படிக்கட்டில் உட்கார வைத்திருந்தேன். திரும்பத் தூக்கி எடுத்து, டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தேன். ஆடாத ஸ்டாண்டில் நாக்கின் முழு அகலத்துக்கும் மை ஒட்டியிருந்தது. ஆடிய ஸ்டாண்டில் ஒரு ஓரத்தில் மட்டும், சுண்டு விரல் நகம் அளவுக்கு. அதாவது ஏறக்குறைய 200 கிலோ அந்த நகத்தின் மேல் நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கைப்பிடியும் ஒரே மாதிரி கீழே தொங்கின. இதுதான் பல் ஸ்டாண்டில் எனக்குப் பிடிக்காத விஷயம். பல் பாதி கடித்திருக்கிறதா முழுதும் கடித்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

இது என் கிழட்டுச் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற கருவிக்கடை நிறுவனம் ‘பிட்ஸ்பர்க்’ பெயரில் விற்ற 3 டன், 6 டன் பல் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. மொத்தம் சுமார் 17 லட்சம். நாக்கு பல்லில் போதிய ஆழத்துக்கு உட்காராமல், பாரம் அசைந்தால் திடீரென்று இறங்கிவிடக்கூடும் என்பது குறை. உற்பத்தி செய்யும் டூலிங், அதாவது சரக்கை வார்க்கவும் வெட்டவும் பயன்படும் அச்சும் கருவியும், தேய்ந்து போனதே காரணம் என்று சொன்னார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றைக் கலக்கியது. டூல் தேய்ந்தால் சரக்கு எப்படி வரும் என்பதுதான் என் 31 வருட வேலை. தேய்ந்த டூலில் அடித்த சரக்கு ஒரே நாளில் கெட்டுப்போகாது. ஒவ்வொரு நூறுக்கும் மயிரிழை மயிரிழையாக விலகும். ஒரு நாள் அளவி வைத்துப் பார்ப்பவன் லீவில் இருப்பான். அன்றிலிருந்து எல்லாம் பெட்டிக்குள் போகும். அதோடு முடியவில்லை. மாற்றாக விற்ற இன்னொரு மாடல் 3 டன் ஸ்டாண்டையும் அதே வருடம் ஜூலையில் திரும்பப் பெற்றார்கள், இந்த முறை வெல்டு குறை. அவ்வளவு பெரிய கடைக்கே இந்தக் கதி என்றால், ஸ்டிக்கர் மட்டும் மாறும் நம் ஊர்ச் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

இணையக் கடைக்கு எழுதினேன். படம் அனுப்பச் சொன்னார்கள். ஃபீலர் கேஜ் நுழைந்திருக்கும் படத்தையே அனுப்பினேன். ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும், பத்தாம் நாள் சொல்கிறீர்கள் என்று பதில் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தது என் தவறு. வாங்கிய அன்றே பிரித்து, தட்டையான கல்லின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இரண்டாவது ஜோடிக்குப் பாரிமுனைக்குப் போனேன். லிங்கிச் செட்டித் தெருவில் கருவிகள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பையில் வெர்னியர், டார்ச், ஒரு கண்ணாடித் துண்டு. ஒரு கடையில் ஆறு பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். கடைக்காரர் நான்காவது பெட்டி வரை பொறுமையாக இருந்தார். ஐந்தாவதில், “சார், நீங்கள் வாங்க வந்தீர்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீர்களா?” என்றார். இரண்டுக்கும்தான் என்றேன். சிரித்துவிட்டு டீ வரவழைத்தார். ஆறில் நான்கு கண்ணாடியின் மேல் ஆடாமல் நின்றன. அந்த நான்கில் வார்ப்பில் ஊசித்துளை இல்லாத ஒரு ஜோடியைப் பொறுக்கினேன், 2,650 ரூபாய். வீட்டுக்கு வந்து கண்மை வைத்துப் பார்த்ததில் இரண்டிலும் முழு அகலத்துக்கும் மை ஒட்டியது. குறை சொல்ல எதுவும் இல்லாத ஸ்டாண்டு. ஆனாலும் நான் இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. அதே கடையில் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த பின் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டதுதான் காரணம்.

பின் ஸ்டாண்டு பார்க்க அழகாக இருக்காது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், இரண்டிலும் வரிசையாகத் துளை. வேண்டிய உயரத்தில் துளைகளை நேராக்கி ஒரு இரும்பு பின்னைக் குறுக்கே செருக வேண்டும், அவ்வளவுதான். பல் கிடையாது, நாக்கு கிடையாது, தேயும் ஸ்பிரிங் கிடையாது. பின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்திருப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும். தெரிந்தால் அது பிடித்திருக்கிறது. இரண்டாவது சந்தேகத்துக்கு இடமே இல்லை. என்னுடையதில் பின் 16 மி.மீ. தடிமன். அறுபட வேண்டுமானால் இரண்டு இடத்தில் அறுபட வேண்டும்; இரண்டு வெட்டுப் பரப்பையும் சேர்த்தால் 400 சதுர மி.மீ.க்கு மேல். சாதாரண மைல்டு ஸ்டீல் என்றே வைத்துக் கணக்குப் போட்டாலும் ஐந்தரை டன்னுக்கு மேல் போனால்தான் அது வளையத் தொடங்கும். என் வண்டி முழுவதையும் ஒரே பின்னில் தொங்கவிட்டாலும் எட்டு மடங்கு மிச்சம். ஜோடி 3,100 ரூபாய் சொன்னார், 2,900-க்குக் கொடுத்தார்.

குறைகள் உண்டு. துளைக்குத் துளை 3 செ.மீ. இடைவெளி என்பதால் நினைத்த உயரத்தில் நிறுத்த முடியாது. ஒரு கையால் குழாயைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் பின்னைச் செருக வேண்டும். விரல் இடுக்கில் மாட்டினால் நட்சத்திரம் தெரியும். பின் தொலைந்துபோவது இன்னொரு தொல்லை. சங்கிலி போட்டுத்தான் தருகிறார்கள், சங்கிலி அறுந்ததும் கதை மாறுகிறது. பின் தொலைந்த ஸ்டாண்டில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி வேலை பார்த்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்த போல்ட்டைப் போடுவதும் அதே ரகம்தான். மரை வெட்டிய இடத்தில் போல்ட்டின் கனம் குறைவு, வெட்டு விழும் இடத்திலேயே அந்த மரை வந்து நிற்கும். தொலைந்தால் அதே தடிமனில் முழு உருளையாகக் கடைந்து வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டைத் தூக்கிப் போடுங்கள்.

தலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வகையிலும் தலை ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி வளைந்த இரும்பு. ஆக்ஸில் தண்டு உள்ள வண்டிக்கு அது பொருத்தம். மாருதி 800 மாதிரி வண்டிகளில் வாசற்படிக்கு அடியில் இரண்டு தகடு சேர்ந்து தொங்கும் மடிப்பு இருக்கிறது, அதில் ஜாக்கி வைக்க வேண்டிய இடத்துக்குத் தனி வெட்டு இருக்கும். இரும்பின் மேல் அந்த மடிப்பை நேரடியாக உட்கார வைத்தால் மடிப்பு வளையும், பெயின்ட் உதிரும், பிறகு துரு பிடிக்கும். நடுவில் பள்ளம் வெட்டிய கெட்டியான ரப்பர் கட்டை கிடைக்கிறது, அதைத் தலையில் வைத்தேன். பழைய வண்டிக்காரர்கள் அதற்கும் முன்னால் ஒன்று செய்ய வேண்டும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் அந்த இடத்தைத் தட்டிக் கேளுங்கள். ‘டங்’ என்றால் தகடு இருக்கிறது. ‘பொத்’ என்றால் பெயின்ட் மட்டும் இருக்கிறது. என் வண்டி 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வலது பின் மூலையில் எனக்கு ‘பொத்’ என்றுதான் கேட்டது. தகடு வெட்டிப் போட்டு வெல்டு வைத்த பிறகே அங்கே ஸ்டாண்டு வைத்தேன். ஐந்து டன் ஸ்டாண்டு வாங்கியிருந்தாலும் அது துருவுக்குள் நுழைந்து மேலே போயிருக்கும்.

சக்கரம் வைத்த எண்ணெய் ஜாக்கியான டிராலி ஜாக்கியை ஏன் நம்பக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதை விடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை இரவு 9 மணிக்கு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நான்கு செ.மீ. கீழே ஸ்டாண்டுகளைக் காவலுக்கு வைத்துவிட்டு, ஜாக்கியின் தலைக்கும் தரைக்கும் இடையே அளந்து சுவரில் பென்சிலால் எழுதினாள்: 34.0. காலை 6 மணிக்கு அளந்தபோது 31.8. யாரும் தொடவில்லை, எண்ணெய் ஒரு சொட்டுகூடத் தரையில் இல்லை. உள்ளே சீல் வழியாகக் கசிந்து வண்டி தானாக 22 மி.மீ. இறங்கியிருக்கிறது. இது மெதுவாக இறங்கும் ஜாக்கி. சீல் கிழிந்தால் மெதுவாக இறங்காது. அந்தப் பென்சில் எழுத்தை அவள் இன்னும் அழிக்க விடவில்லை.

டிராலி ஜாக்கிக்கு இன்னொரு குணம். அதன் கை வில் மாதிரி வளைந்து மேலே போகும், நேராகப் போகாது. அதனால் தூக்கும்போது ஜாக்கியின் சக்கரங்கள் கொஞ்சம் உருண்டு கொடுக்க வேண்டும். ஒரு பட்டாணி அளவு ஜல்லி குறுக்கே கிடந்தாலும் உருளாது; அப்போது ஜாக்கியின் தலை வண்டியிலிருந்து வழுக்கும். தூக்குவதற்கு முன் தரையைத் துடைப்பத்தால் பெருக்குவது எங்கள் வீட்டில் இப்போது சடங்காகிவிட்டது. பேவர் பிளாக் தரையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் போடுங்கள். தார்ச் சாலையில், அதுவும் மே மாதம் மத்தியானத்தில், போடாமல் இருக்கவே கூடாது. ஸ்டாண்டின் கால் விளிம்பு தாரில் கத்தி மாதிரி இறங்கும். எங்கள் வாசலில் மழைத்தண்ணீர் போக வாட்டம் வைத்திருக்கிறார்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, வாட்டம் குறைந்த இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டைத் தாண்டி வேலை இல்லை.

சக்கரத்துக்குக் கட்டை போடுவதில் நம் லாரி கிளீனர்களை மிஞ்ச ஆள் இல்லை. வண்டி நிற்பதற்கு முன்பே கட்டையோடு குதித்துவிடுவார்கள். ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று ஊரில் ஏசுவார்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் அது பாராட்டு. கார்க்காரர்கள் ஹேண்ட் பிரேக் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். மாருதி 800-இல் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. பின்பக்கத்தை முழுதாகத் தூக்கிவிட்டால் அது காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். கியரில் போட்டிருக்கிறேனே என்றால், கியர் பிடிப்பது முன் சக்கரங்களை. அதிலும் ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கினால், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். கியர் போட்டும் பயன் இல்லை. மகளை அந்தத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லி, சுற்றுவதைக் காட்டினேன். அதற்குப் பிறகு நான் சொல்லாமலே அவள் கட்டையை எடுத்து வருகிறாள்.

சிலிப்பர் கட்டைக்கு வருகிறேன். அகலப்பாதை ரயிலுக்குப் போட்ட பழைய மரச் சிலிப்பர் 2.75 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலம், 13 செ.மீ. கனம். பழைய மரக்கடையில் கிடைக்கிறது. இரண்டு வாங்கி, 45 செ.மீ. துண்டுகளாக அறுத்தேன், ஒன்றில் ஆறு துண்டு. ஒவ்வொன்றும் 12 கிலோவுக்குக் குறையாது. அறுத்துக் கொடுத்த மர அறுவை ஆள் ரம்பத்தின் பல்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மரம் உளுக்காமல் இருக்கப் பூசிய கிரியோசோட் எண்ணெய் வாடை ஒரு மாதம் போகவில்லை. வாசற்படிக்கு அடியில், ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், இரண்டு துண்டு நெடுக்காக, அதன் மேல் இரண்டு துண்டு குறுக்காக அடுக்கினால் 26 செ.மீ. என் மார்பு 24. ஸ்டாண்டு விழுந்தாலும் வண்டி இந்தக் கட்டையின் மேல் உட்காரும். எனக்கு இரண்டு செ.மீ. மிச்சம் இருக்கும். மூச்சை முழுதாக இழுக்க முடியாது, ஆனால் மூச்சு இருக்கும்.

கட்டைக்குப் பதில் ஹாலோ பிளாக் போதாதா என்று அண்டை வீட்டுக்காரர் கேட்டார். அவர் வீட்டுச் சுவரே அதில்தான் நிற்கிறது, கேட்பது நியாயம். சுவரில் பாரம் பரவலாக, ஒரே சீராக, கலவைப் படுகையின் மேல் இறங்குகிறது. வண்டியின் மடிப்பு ஒரு கத்தி விளிம்பு. ஒரே கோட்டில் அழுத்தும். சிமென்ட் பிளாக் அப்படி அழுத்தினால் என் 2009 செங்கல் செய்ததைச் செய்யும். மரம் அப்படிச் செய்வதில்லை. நசுங்கும், முனகும், ‘கிர்’ரென்று சத்தம் போடும். வெளியே உருள நேரம் கொடுக்கும்.

இரவல் வாங்கிய ரேம்ப் பற்றி இரண்டு வரி போதும். ஆயில் மாற்ற மட்டும் என்றால் அதுவே எல்லாவற்றையும் விட நல்லது. டயர் டயராகவே பாரத்தைத் தாங்குகிறது, தூக்குவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. சக்கரத்தைக் கழற்ற வேண்டிய வேலைக்கு உதவாது, வழவழப்பான டைல்ஸ் தரையில் ஏறும்போது பிளாஸ்டிக் ரேம்ப் முன்னால் ஓடும். நண்பருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நாங்கள் செய்கிற முறை இது. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தூக்கி, பின் ஸ்டாண்டில் இறக்கி, பின் இரண்டு பக்கமும் வெளியே தெரிகிறதா என்று மகள் குனிந்து பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுகிறோம். பிறகு வண்டியை இடுப்பால் ஒரு இடி; அவள் ஒரு இடி, நான் ஒரு இடி. ஸ்டாண்டு விழுவதாக இருந்தால் நாங்கள் நிற்கும்போதே விழட்டும். சிலிப்பரை அடுக்குகிறோம். அப்புறம்தான் பாயை விரிப்பது. போன மாதம் அவள் தனியாகவே ஆயிலை வடித்தாள், வடிகால் நட்டுக்குப் புது வாஷர் போட மறந்தாள், திரும்பவும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பின் ஸ்டாண்டு, 3 டன், கடைக்கு நேரில் போய்க் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்து. பல் ஸ்டாண்டுதான் கிடைக்கிறது என்றால் கண்மை இல்லாமல் நம்பாதீர்கள். லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கிய பல் ஸ்டாண்டு ஜோடி நன்றாகத்தான் இருக்கிறது. அதை இரவல் கேட்டு வருபவர்களுக்கு, கண்மை டப்பாவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.

இணையத்தில் வாங்கிய கோணல் ஜோடியை யாரும் தெரியாமல் எடுத்து வண்டிக்கு வைத்துவிடக் கூடாது என்று கைப்பிடிகளை அறுத்து எறிந்தேன். இப்போது மொட்டை மாடியில், குறுக்கே ஒரு பலகை போட்டு, துளசித் தொட்டி அதன் மேல் இருக்கிறது. அங்கேயும் ஒரு கால் ஆடுகிறது. மனைவி அட்டைத் துண்டை மடித்துச் சொருகியிருக்கிறாள்.